கம்பளி அறைச் சாவி

எல்லோரும் என்னை மணிக்காரி என்பார்கள். வயது ஐம்பத்தொன்று. கணவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பெருக்குவது, மணி அடிப்பது, அறைகளைப் பூட்டித் திறப்பது என் வேலை. ஆற்றோரம் இருந்த வீடு வெள்ளத்தில் போய்விட்டதால், விலாசம் என்று பள்ளி மாடியின் இரண்டாவது அறையை எழுதிக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் புகுந்ததும் நூற்றுப்பத்துப் பேர் மாடிக்கு ஏறினோம். என் தங்கையைப் படகில் கொண்டுவந்து இறக்கியபோது கழுத்துவரை நனைந்து, அவள் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. மாடியில் அறைகள் மூன்று. இரண்டில் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அதன் பிறகு மதியம் நிவாரணக் குழுச் செயலாளர் இரண்டு படகு நிறையக் கம்பளி கொண்டுவந்து மூன்றாவது அறையில் அடுக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் போய்க் கேட்டேன். "வெள்ளிக்கிழமை நம்ம குழுத் தலைவர் வந்து அவர் கையால குடுப்பாரு. அதுவரைக்கும் அந்த அறைய யாரும் தொடக் கூடாது. உனக்கு வேலை நிரந்தரம் ஆகப் போற நேரம், பாத்து நடந்துக்க" என்றார். பள்ளி நிர்வாகத்திலும் அவர் இருக்கிறார். இனிக்க இனிக்கப் பேசுவார். அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும், இன்றும் எரிகிறது.

புதன்கிழமை மறுபடி கேட்டதற்கு, "ஒருத்திக்குப் பிரிச்சா எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றார். தங்கைக்கு என் சேலையையும் ஜன்னல் திரையையும் சுற்றிவிட்டேன், இரண்டும் ஈரம். "அக்கா, சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வியாழக்கிழமை காலை, வழக்கமாக நான் முதல் மணி அடிக்கும் நேரத்தில் இறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தலைவர் புகைப்படக்காரருடன் வந்தார். செயலாளர் சாவியைத் தேடினார், எந்தப் பையிலும் இல்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தப் பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று எப்போதும் என் இடுப்பில் செருகியிருக்கும். அதை எடுத்துத் திறந்தேன். பூட்டு என் கையிலேயே இருந்தது. அதன் பிறகு செயலாளர், "தங்கச்சியப் பறிகொடுத்தவங்க" என்று தலைவரிடம் சொல்லி முதல் கம்பளியை எனக்குப் போர்த்த வைத்தார். படம் எடுத்தார்கள். அதன் பிறகு செயலாளர் என் காதருகே குனிந்து, "சாவி உன்கிட்டயேதான் இருந்திருக்கு. அவளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கலாமேம்மா, நானா காவல் நின்னேன்?" என்றார்.

பூட்டால் அவர் நெற்றியில் ஒரு முறை அடித்தேன். இரண்டாவது அடிக்குக் கை ஓங்குவதற்குள் பிடித்துவிட்டார்கள். என்னை யாரும் தூண்டவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து, இரண்டு நாளும் அந்தச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். செயலாளர் சொன்னது உண்மை. அதனால்தான் அடித்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைக் காவல் நிலைய எழுத்தர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. "செயலாளர் சொன்னது உண்மை" என்ற வரியை எடுத்துவிட்டால் வழக்கில் எனக்கு நல்லது என்றார். இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) மணிக்காரி