கலுவை உள்ளே கட்டிய கிழமை

பெயர்: மயூரி உமாசுதன். வயது: முப்பத்தாறு. விலாசம்: இல. 47/3, பழைய கிணற்று ஒழுங்கை, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. தொழில்: வெள்ளவத்தையில் உள்ள புடவைக் கடை ஒன்றில் காசாளர்.

என் கணவர் உமாசுதன் நேற்று இந்தப் பொலிஸ் நிலையத்தில் செய்த முறைப்பாட்டில் என்னைச் சாட்சியாகக் குறிப்பிட்டிருப்பதாக அறிவிக்கப்பட்டு இன்று வியாழக்கிழமை இங்கு வந்தேன். நான் தமிழில் சொல்வதைத் தமிழ்க் கொன்ஸ்டபிள் எழுதுகிறார். கூறுவதாவது:

நானும் கணவரும் மேற்படி விலாசத்தில் கீழ்த்தட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறார். பக்கத்துக் கீழ்த்தட்டு வீட்டில் ஸும்றா என்பவரும் அவருடைய கணவர் பாஹிமும் இருக்கிறார்கள். ஸும்றா வீட்டில் இருந்து உடுப்புத் தைக்கிறவர். பாஹிமுக்குப் புறக்கோட்டையில் போன் திருத்தும் கடையில் வேலை. இரண்டு வீட்டுக்கும் முன்னால் பொதுவாக ஒரு முற்றமும் ஒரு இரும்புக் கேற்றும் உள்ளன. மேல்மாடியில் இருப்பவர்கள் எந்நேரமும் வந்து போவதால் அந்தக் கேற் பூட்டப்படுவதில்லை.

கேற்றுக்கு வெளியே கழிவுநீர்க் கான் ஓரத்தில் ஒரு ஆண் நாய் நான்கைந்து வருடமாகப் படுத்து வந்தது. கறுப்பு நிறம் என்பதால் ஒழுங்கையில் எல்லோரும் அதைக் கலு என்று சிங்களத்தில் கூப்பிடுவார்கள். நான் இரவில் சோறு வைப்பேன். ஸும்றா காலையில் மீன் தலை வைப்பார். மாநகர சபை வண்டி சந்திக்கு வந்து நாய்களுக்கு விசர் நாய்த் தடுப்பூசி போட்ட இரண்டு முறையும் நான்தான் அதைக் கொண்டு போனேன். அந்த அட்டையில் என் பெயர் இருக்கிறது.

கலுவை வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்று நான் பல தடவை கணவரிடம் கேட்டிருக்கிறேன். கடந்த மழைக்காலத்தில் கான் நிரம்பி நாய் நனைந்து நின்றபோது நான் அதை ஹோலுக்குள் விட்டேன். கணவர் வேலையால் வந்து, "வாசல்ல நிக்கிறதை வாசலோட வைச்சிரும் மயூரி. எங்கட ஊரில எந்த நாய் வீட்டுக்குள்ள படுத்தது? சாமிப்படம் இருக்கிற இடம்" என்றார். நான், "ஊரில உங்களுக்கு வளவு இருந்தது. இஞ்ச கேற்றைத் தாண்டினால் கொன்டெய்னர் லொறி" என்றேன். அதன் பின்னர் அவர் நாயை வெளியே விட்டு, நிலத்தை டெட்டோல் போட்டுத் தானே துடைத்தார். இது குறித்து ஸும்றாவிடம் சொன்னபோது அவர் என் பக்கம் கதைக்கவில்லை. "உள்ளுக்கு வெச்சா அதுக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் கஷ்டம் அக்கா. அது ரோட்டுல வளந்தது" என்று சொன்னார். அதனால் நாய் வெளியிலேயே இருந்தது.

போன கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, ஒழுங்கைக்குள் வந்த ஆட்டோ ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது கலுவின் பின்னங்காலில் ஏறியது. மீன் தலையுடன் வெளியே வந்த ஸும்றா அதைக் கண்டு, நாயைப் பிடித்து இழுத்து எடுக்கப் போனபோது அது அவருடைய முன்னங்கையைக் கடித்தது. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். தோல் கீறுப்பட்டுச் சிறிது இரத்தம் இருந்தது. கடித்த நாய் ஓடவில்லை. அதே இடத்தில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான் ஸும்றாவை முற்றத்துப் பைப்படிக்குக் கொண்டு வந்து சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன். அதன் பின்னர் பாஹிமும் நானும் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றோம்.

ஸும்றா ஆறு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. ஆகவே எந்த ஊசிக்கும் பயந்தார். ஊசியால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று டொக்டர் விளக்கிச் சொல்லியும் அவர் அழுதுகொண்டே இருந்தார். நான் தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். டொக்டர் காயத்தையும் அட்டையையும் பார்த்துவிட்டு, நாயை இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளைக்கு, வெளியே விடாமல் கட்டி வைத்துக் கவனிக்க முடியுமானால் ஊசியைப் பிற்போடலாம் என்றும், நாய்க்கு நோய், வருத்தம் வந்தாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ அன்றைக்கே வர வேண்டும் என்றும் சொன்னார். பாஹிம் என்னைப் பார்த்து, "அப்ப நாய் ஒங்கட பொறுப்பு அக்கா" என்றார். நான், "ஓம், என்ர பொறுப்பு" என்றேன்.

அதன் பின்னர் பாஹிமும் நானும் நாயைச் சாக்கில் தூக்கி எங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்து, குசினிக்கு அடுத்த சிறிய அறையில் யன்னல் கம்பியில் கட்டினோம். பாஹிம் நாயைத் தொடும் வழக்கம் இல்லாதவர். அன்றைக்குத் தொட்டார். பிறகு பைப்படியில் நெடுநேரம் கைகால் கழுவிவிட்டுப் போனார். கணவர் விருப்பமில்லாமல்தான் சம்மதித்தார்.

கலுவுக்கு டைல்ஸ் தரையில் நின்று பழக்கமில்லை. கால் வழுக்கி வழுக்கி விழுந்து, கடைசியில் மூலையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. கால் வீக்கம் இரண்டு மூன்று நாளில் வற்றியது. ஆனால் ஊளையிடுவதை நிறுத்தவில்லை. கதவைச் சுரண்டி நகத்தால் இரத்தம் வந்தது. உள்ளே சலம் கழிக்காமல் அடக்கி வைத்து, முடியாமல் போகும்போது படுத்த இடத்திலேயே போய், அந்த ஈரத்தைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கும். மேல்மாடியில் இருந்து வந்து, சத்தம் தாங்க முடியவில்லை என்று கதைத்தார்கள். கணவர், "இது வீடோ, மறியற்சாலையோ? ஆரை மறியல்ல வைச்சிருக்கிறீர், நாயையோ என்னையோ?" என்று கேட்டார். உள்ளே வைக்க வேண்டும் என்று முன்பு கேட்டது நான்தான்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஸும்றா குசினி யன்னலுக்கு வெளியே வந்து நின்று, "அக்கா, கலு தண்ணி குடிச்சா?" என்று கேட்பார். விசர் பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான், குடித்தது என்று சொல்வேன். அது உண்மை. தான் கேட்டதற்குப் பதில் கிடைத்ததும் அவர் உள்ளே போய் மெஷினில் இருப்பார். தைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

இந்தத் திங்கட்கிழமை காலை நாய் முந்திய நாள் மத்தியானத்தில் இருந்து சலம் கழிக்காமல் முனகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கயிற்றில் பிடித்து முற்றத்துக்குக் கொண்டு வந்தேன். அப்போது மேல்மாடிக்காரர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தார். நாய் பாய்ந்து இழுத்தபோது கழுத்துப் பட்டி தலையால் கழன்று என் கையில் கயிறும் பட்டியும் மட்டும் நின்றன. கேற் திறந்திருந்தது. நான் வீட்டுச் செருப்போடு பெரிய தெரு வரைக்கும் ஓடினேன். காணவில்லை. நாயை வெளியே கொண்டு வந்தது நான். இதில் கணவருக்குப் பங்கில்லை.

அதன் பின்னர் கணவரிடம் சொன்னேன். அவர், "பின்னேரம் சோத்துக்கு வரும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதையும். சொன்னால் எங்களைப் பொலிசுக்கு இழுப்பினம்" என்றார். நான் வேலைக்குப் போகவில்லை. ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினேன். பின்னேரம் ஸும்றாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் யன்னலுக்கு வரவில்லை. பதிலாகப் பாஹிம் வாசலுக்கு வந்து நாயைப் பற்றிக் கேட்டார். கணவர் கதவில் நின்று, "உள்ளுக்குத்தான் படுத்திருக்கு. காலமை சோறும் தின்டது" என்றார். பாஹிம், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குசினியில் நின்று இதைக் கேட்டேன். வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கணவர் வேலைக்குப் போன பிறகு நான் ஸும்றாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏசவில்லை. மெஷின் மிதியில் இருந்து காலை எடுத்து, நூலை வெட்டி, தைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "நேத்தே செல்லியிருந்தா நேத்தே போயிருப்பேனே அக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு நானும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போடும்போது அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இனிக் குறித்த நாட்களில் போய் மிச்ச ஊசிகளையும் போட வேண்டும்.

அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்து கேற்றைத் திறக்கும்போது பாஹிம் தன் வீட்டில் இருந்து வெளியே வந்தார். நான் என் வீட்டு வாசலில் நின்றேன். இருவருக்கும் இடையில் நடந்ததை முழுவதும் கண்டேன். பாஹிம், "ஒங்கள நம்பித்தானே நாங்க ஊசி போடாம ஈந்த! ஏன் எனக்குப் பொய் செல்லின?" என்று கேட்டார். கணவர், "தெருநாய்க்கு நானோ பொறுப்பு? கடி வாங்கப் போனது உங்கட மனுசி" என்றார். அப்போது பாஹிம் இரண்டு கையாலும் கணவரின் நெஞ்சில் தள்ளினார். கணவர் பின்னால் சாய்ந்து திரும்பியபோது கேற்றின் கொண்டி நெற்றியில் பட்டு வெட்டியது. இரத்தம் வந்ததும் பாஹிம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே போய்த் துவாய் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். கணவர் வாங்கவில்லை. நான் வாங்கிக் காயத்தில் வைத்துப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் கணவருக்குத் தையல் போட்டார்கள்.

புதன்கிழமை கணவர் இங்கே வந்து முறைப்பாடு செய்தார். அதே நேரத்தில், சந்தைக்குப் பின்னால் மீன் கழுவும் இடத்தில் கறுப்பு நாய் ஒன்று நொண்டிக்கொண்டு திரிகிறது என்று மரக்கறிக் கடைக்காரர் எனக்குச் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். கலு நிறுத்தியிருந்த லொறிக்கு அடியில் படுத்திருந்தது. என் கையில் கயிற்றைக் கண்டதும் இன்னும் உள்ளே போய்விட்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அதனால் ஸும்றாவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஆட்டோவில் வந்தார். வயிற்றோடு குனிய முடியாதபடியால் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, கடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கலு, வா" என்றார். நாய் ஊர்ந்து வெளியே வந்து அவருக்குச் சற்றுத் தள்ளி நின்றது. நான் பட்டியை மாட்டினேன்.

அதன் பின்னர் நாயை எங்கே வைப்பது என்று கதைத்தோம். என் வீட்டுக்குள் வைக்க நான் கேட்கவில்லை. தெருவிலும் விட முடியாது. பாஹிம், வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் நின்றால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். மேல்மாடிக்காரரும் இனிக் கேற்றைப் பூட்டிவிட்டுப் போகச் சம்மதித்தார். பாஹிம் பூட்டு வாங்கி வந்து மூன்று வீட்டுக்கும் திறப்புக் கொடுத்தார். எங்கள் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். நாய் இப்போது முற்றத்தில் பைப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று காலை தின்றது, தண்ணீரும் குடித்தது. ஊளையிடவில்லை.

நாயை வீட்டுக்குள் வைத்தது சரியா, வெளியே விட்டது சரியா என்று கேட்கப்பட்டது. சின்னக் குட்டியில் உள்ளே எடுத்திருந்தால் அதன் காலில் ஆட்டோ ஏறியிருக்காது என்று நான் நினைக்கிறேன். வளர்ந்த பிறகு கொண்டு வந்து பூட்டியது மறியல் என்று கணவர் சொன்னதும், அதற்குக் கஷ்டம் என்று ஸும்றா சொன்னதும் சரிதான். வேறு எனக்குத் தெரியாது.

பாஹிம் பொல்லால் அடித்தார் என்று கணவர் கூறியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, அது பற்றிக் கேட்கப்பட்டது. பாஹிமின் கையில் பொல்லு இருக்கவில்லை. முற்றத்தில் உடுப்புக் கொடியைத் தூக்கிவிடும் தடி ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. அதை யாரும் தொடவில்லை. அவர் தள்ளியது உண்மை. தள்ளியதற்கு முன் என் கணவர் அவருக்குப் பொய் சொன்னதும் உண்மை. இன்று இங்கே வரும்போது ஆட்டோவில் கணவர் என்னிடம், "பொல்லெண்டு ஒரு சொல்லுத்தான். அதைச் சொன்னால் காணும்" என்றார். பொல்லு என்று எழுதினால் பாஹிமை றிமாண்டில் வைக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பொல்லு இருந்திருந்தால் இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

கணவருடன் எனக்குப் பகை உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம். அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. பயந்தால் பொய் சொல்வார், அவ்வளவுதான்.

மேலும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கப்பட்டது. கணவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் கட்டுப் போட்டிருப்பவர். நான் சொன்ன இவ்வளவையும் அவருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கிருந்து நான் அவருடன்தான் வீட்டுக்குப் போகிறேன்.

எழுதியது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. திருத்துவதற்கோ குறைப்பதற்கோ ஒன்றுமில்லை. என் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமே இதில் உள்ளன என்றும், அவை உண்மை என்றும் ஏற்று, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மயூரி உமாசுதன்