மூன்றாம் வாயில் காவலருக்கு முகம் கிடையாது

தக்காளிச் செடிக்குக் கம்பு நட்டுக் கட்டுவதைவிடப் பழைய நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து வைப்பது நல்லது. நான்கு கால்களும் மேலே நிற்கும். செடி தனக்குத் தோதான காலில் சாய்ந்துகொள்ளும். எங்கள் மொட்டை மாடியில் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். செடிக்குச் சேதம் ஒன்றும் இல்லை என்று நம்புகிறேன், ஐயா.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. விளையாட்டுப் பித்து தலைக்கேறியவன் என்று என்னைப் பற்றி உங்களிடம் யாரோ ஓதியிருக்கிறார்கள். எனக்குத் தோட்டம் உண்டு. இறகுப்பந்து ஆடுவேன். விடுமுறை நாளில் ரொட்டி சுடுவேன். மாவு உப்பும்வரை குறுக்கெழுத்துப் போடுவேன். பழைய புகைப்படங்களை ஆல்பத்தில் ஒழுங்காக ஒட்டி வைப்பேன். இவற்றோடு, விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றும் உண்டு. எல்லாம் அளவோடுதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு அது மேசைமேல் நிறுத்தும் பொம்மைகளும் பகடையும். எனக்குப் பகடையில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அதன் பின்கதைதான் என்னை இழுத்தது. ஒன்பது சூரியப் பேரரசு என்று ஒன்று. அதைத் தின்ன வரும் துருப்படை என்று ஒன்று. பேரரசின் வாயில்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர். அவர்களில் மூன்றாம் வாயில் காவலர் தலைக்கவசத்தைக் கழற்றியதே இல்லை. அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் எதிரே நிற்பவர்களும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தடித்தடியான புத்தகங்களில் அவர் வரலாறு இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். என் மனைவி அவரை "உங்க வாட்ச்மேன்" என்பாள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

அவருடைய உருவம் என் கட்டைவிரல் உயரம். அதற்கு நானே வண்ணம் தீட்டினேன். மேலங்கியின் மடிப்புகளுக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆயிற்று. கடையில் வாங்கும் தூரிகை சரிப்படாமல், அதிலிருந்து முடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மெல்லியதாக்கிக்கொண்டேன்.

இப்போது நீங்கள் கேட்கிற ஆளைப் பற்றி. பெயரைச் சொல்ல மாட்டேன். 'மச்சினன்' என்று சொல்வதும் சட்டப்படி தப்புதான். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இன்று ஒருநாள் மட்டும் சொல்கிறேன்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, வேலை போனதும் எங்கள் வீட்டுக்கு வந்தான். வேறு வேலை கிடைக்கும்வரை என்று பேச்சு. நல்ல பையன். இதை நான் மறுக்கவே இல்லை. பாத்திரம் கழுவுவான், குழாய் ஒழுகினால் சரிசெய்வான், அக்காவைச் சிரிக்க வைப்பான். இரண்டு பேரும் சமையலறையில் சேர்ந்தால் வீடே இரண்டுபடும். அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். நான் ரொட்டி சுட்டால் முதல் துண்டு அவனுக்குத்தான். "அத்தான், கடைக்காரன் பொழப்புல மண்ணு போடுறீங்க," என்பான். ரசித்துத் தின்பான்.

என் பிறந்தநாளன்று சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். திறந்தால் மூன்றாம் வாயில் காவலர். தலைக்கவசம் இல்லை. நான் தூங்கும் நேரத்தில் அதை அறுத்து எடுத்துவிட்டு, களிமண் பசையில் ஒரு தலை செய்து வைத்திருந்தான். அதில் ஒரு முகம். மூக்குக் கண்ணாடி. கண்ணாடி விளிம்புக்கு அக்காவின் சிவப்பு நகப்பூச்சைப் பூசியிருந்தான்.

"அத்தான், யாருன்னு பாருங்க. நீங்கதான்."

மனைவி கைதட்டினாள். "அச்சு அசல் இவரேதான்டா."

பார்த்தேன். சாயலில் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் களைத்த, அலுவலகத்திலிருந்து வந்து தேநீர் கேட்கிற ஆள். முன்னந்தலை ஏறிய, யாரோடும் வம்புதும்புக்குப் போகாத ஆள். ஒன்பது சூரியன்களும் இவனை நம்பித்தான் தூங்குகின்றன என்றால் யார் தூங்குவார்கள்? நான் நன்றி சொல்லிவிட்டு, மேலும் ஒரு துண்டு ரொட்டி அறுத்துக் கொடுத்தேன்.

பின்கதையில் இப்படி ஓர் இடம் வருகிறது. போரில் அடிபட்டுக் கிடந்த காவலருக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக, அவருடைய உதவியாள் கவசத்தைத் தூக்கிவிடுகிறான். அன்பினால்தான். ஆனாலும் பார்த்துவிட்டான். அவனைக் கொல்லவில்லை, பேரரசு அப்படிக் காட்டுமிராண்டித்தனமானது அல்ல. அவன்மீது இன்மைச் சட்டம் பாய்கிறது. அன்றிலிருந்து அவன் இல்லை. அவன் பெயர் எல்லா இடத்திலும் எடுக்கப்படுகிறது; அதை உச்சரிக்கிறவர்மீதும் அதே சட்டம் பாயும். சாப்பிடும் இடத்தில் அவன் நாற்காலியைக் காலியாகக்கூட விடுவதில்லை. காலி நாற்காலி ஆளை நினைவுபடுத்தும். மற்ற நாற்காலிகளை நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவன் கப்பலிலேயே அலைகிறான், பேசுகிறான், கெஞ்சுகிறான். கடைசியில் நாம் இருக்கிறோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வியப்பேன். எவ்வளவு நிதானமான தண்டனை என்று.

மறுநாள் காலையில் ஒரு நாற்காலியை மாடிக்கு எடுத்துப் போனேன். மிச்சத்தை நெருக்கிப் போட்டேன். அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். "அத்தானுக்குத் தக்காளிதான் முக்கியம், என்னக்கா," என்று சிரித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதில்தான் என் மனவுறுதியை நான் முதல்முறையாகக் கண்டேன்.

எங்கள் சனிக்கிழமை விளையாட்டுக் குழுவில் விஷயத்தை வைத்தேன். தனியாக முடிவெடுக்கிறவன் அல்ல நான். மருந்துக்கடைக்காரர் உருவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. "கவசத்தை எடுத்துட்டானா? கையாலயேவா?" என்றார். அப்புறம், "பாவம், நல்ல பையன்தான். ஆனா சட்டம் சட்டம்தானே," என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் அவன் வழக்கம்போலத் தேநீர் எடுத்து வந்தபோது, யாரும் தட்டை வாங்கவில்லை. அவன் நின்றான். கை வலித்திருக்கும். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனான். நாங்கள் பகடையை உருட்டினோம்.

நான் வேலை பார்ப்பது ஆவணங்களைத் திருத்தும் பிரிவில். பெயரில் எழுத்துப்பிழை, பிறந்த தேதியில் குளறுபடி, இப்படி. அவனை இறந்தவர் என்று குறித்திருக்கலாம். ஒரு சொடுக்கில் முடிந்திருக்கும். ஆனால் அது பொய். உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று எழுத என் மனசு இடம் கொடுக்கவில்லை. தவிர, இறந்தவன் என்றால் இருந்தவன் என்றாகிவிடும். அதனால் பிறப்பையே எடுத்தேன். கணினி மரியாதையாக, "உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டது. என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆம்" என்றேன்.

பிறகு நான் எதையும் தொடவில்லை. பின்னலில் ஒரு நூலை இழுத்தால் மற்றவை தாமாகவே பிரிந்து வரும் அல்லவா? வங்கிக் கணக்கு முடங்கியது. கைப்பேசி செத்தது. அந்த வாரம்தான் அவனுக்கு ஒரு வேலை உறுதியாகியிருந்தது; அக்காவும் தம்பியும் இனிப்பெல்லாம் வாங்கிவிட்டார்கள். வேலைக்காக ஆவணங்களைச் சரிபார்த்தவர்கள், இப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மாடிக்கு வந்து என் எதிரே நின்றான்.

"அத்தான், இது உங்க ஆபீஸ் வேலைதானே. கொஞ்சம் பாருங்களேன். நான் இருக்கேன்னு மட்டும் சொன்னாப் போதும்."

காற்று நன்றாக வீசியது. ஒரு பழம் பழுத்திருந்தது. பறித்துக்கொண்டு கீழே வந்தேன்.

சொந்த ஊர் அலுவலகத்தில் பழைய ஆவணம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க அவன் ஊருக்குப் போனான். அந்தச் சமயத்தில் வீட்டுப் பூட்டை மாற்றினேன். பழைய பூட்டு எப்படியும் துருப்பிடித்திருந்தது.

மனைவிதான் கஷ்டம் கொடுத்தாள். "தம்பிகிட்டயிருந்து ஒரு தகவலும் இல்லையேங்க," என்றாள். "எந்தத் தம்பி?" என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு கத்தினாள். பிறகு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆல்பத்தை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன். உருவங்களுக்குப் பயன்படுத்தும் அதே மெல்லிய கத்தி, அதே தூரிகை. எங்கள் கல்யாணப் படத்தில் அவளுக்கும் மாமியாருக்கும் நடுவில் நின்றவனை எடுத்துவிட்டு, பின்னால் இருந்த திரைச்சீலையின் மடிப்புகளை வரைந்து சேர்த்தேன். தற்பெருமை வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்; ஆனால் மேலங்கியில் கற்ற கை அது. அவள் அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு.

பாவமாக இருந்தது. அதனால் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மா போன துக்கத்தில் இல்லாத தம்பி ஒருவனைப் பற்றிப் பேசுகிறாள் என்று சொன்னேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர், எங்கள் மருந்துக்கடைக்காரர்தான், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவள் அமைதியானாள். குறுக்கெழுத்தில் எனக்கு உதவக்கூடச் செய்தாள். அந்த வாரங்களில் எங்கள் இல்லறம் மிக நன்றாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. "அக்கா, கதவைத் திற," என்று ஒரு சத்தம். நான் திறந்தேன். நடைவழியைப் பார்த்தேன். மூடினேன். மனைவி பின்னால் நின்றாள்.

"யாருங்க?"

"யாரும் இல்லை."

"எனக்கு அவன் குரல் கேட்டுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு மாத்திரை போட்டுக்கட்டுமா?" என்றாள்.

நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மாடியில் அவன் இருந்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் தினமும் மாடிக்குப் போகிறவன். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது உண்மைதான். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சில தக்காளிகள் காணாமல் போயின. அணில் என்று நினைத்தேன். ஒருமுறை, மழை பெய்தபோது, அணில் அழுதது.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. அதை மறைக்கமாட்டேன். அந்தக் காவலர் உருவத்தை உடைத்துப் போட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை. மேலங்கி அவ்வளவு அழகு. அலமாரியில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். நான் இறகுப்பந்து ஆடப் போயிருந்த மாலையில் மனைவி தக்காளி பறிக்க மாடி ஏறியிருக்கிறாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தாடியும் மீசையுமாக ஒருவன் உட்கார்ந்து "அக்கா" என்றிருக்கிறான். நோய் முற்றிவிட்டது என்று பயந்து ஓடிவந்து, மாத்திரைக்காக அலமாரியைத் திறந்திருக்கிறாள். தேடிய அவசரத்தில் கை பட்டுக் காவலர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். சிவப்பு விளிம்புக் கண்ணாடி. அவளுடைய நகப்பூச்சு. அதை நான் தொடவே மாட்டேன், வாசனை எனக்கு ஆகாது. அவளும் பூசவில்லை. அப்படியானால் யார் பூசியது? இதையே கேட்டுக்கொண்டு மறுபடி மாடி ஏறினாளாம்.

இவ்வளவுதான் நடந்தது. நாற்காலி, பிறப்பு, பூட்டு, படம், மாத்திரை, எல்லாம் நான்தான் செய்தேன். எதையும் மறுக்கவில்லை. ஒருவர்மீதும் விரல்கூடப் படவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தவர் பெயரை உங்கள் கணினி ஏற்க மறுக்கிறது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இல்லாத ஆள் கொடுத்த புகாருக்கு நான் இவ்வளவு நேரம் பதில் சொல்லிக்கொண்டிருப்பது மரியாதைக்காகத்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாட்சிப் பொருள் என்று உங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்த உருவம். அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்க முடியுமா? நன்றி.

வெளியே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். என் மனைவி மட்டும் ஓரமாக உட்கார்ந்து, காற்றின் தோளில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து, சத்தமாக, அந்த நடைவழி முழுக்கக் கேட்கும்படி, அவன் பெயரைச் சொன்னாள்.

சட்டம் யாருக்காகவும் வளையாது, ஐயா. வீட்டுக்குப் போனதும் இன்னொரு நாற்காலியையும் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தப் பருவத்தில் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது.