இரண்டு தட்டு

"இரவு பதினொண்டே கால். கொக்கிளாயில இருந்து நாயாறு வாற றோட்டு. ஒரு பக்கம் களப்புத் தண்ணி, மற்றப் பக்கம் காடு. வெறும் லொறி ஒண்டு தனிய வருது..."

பழனியாண்டி இப்படித் தொடங்கியதும் வட்டக்கச்சி கராஜில் சிரிப்பு நின்றது. கழற்றிப்போட்ட ரயர்களில் குந்தியிருந்தவர்கள் நெருங்கிக்கொண்டார்கள். அதுவரை வாகனக் கதைதான். பாரம் ஏற்றிய லொறியா, வெறும் லொறியா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன் என்று குகதாசன் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கட கார் வாறதையும் நாங்கள் அப்பிடித்தான் அண்ணை அறியிறது. கதவு நாலும் கத்தும்," என்றான் சஜீவன்.

பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "என்ர மனுசியின்ர தம்பி சாருஜனும் சத்தத்திலயே பாரம் சொல்லுவான்," என்றுதான் அவன் கதைக்குள் வந்தான்.

அன்று சாருஜன் சீமெந்துக்கல் இறக்கிவிட்டு அளம்பிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கிளீனருக்குக் காய்ச்சல், வரவில்லை. லொறியின் வெறும் பெட்டி கடகடவென்று அடித்தது. நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட... பெட்டியில் ஒரு தட்டு.

டப்.

ஒரு தட்டென்றால் நில். இரண்டு தட்டென்றால் போ. கிளீனர்மார் கையால் சொல்வது அப்படித்தான். பதினாறு வருடம் லொறி ஓடிய கால், கேட்டதும் பிறேக்கை மிதித்துவிட்டது. மிதித்த பிறகுதான் நினைவு வந்தது... பின்னால் ஆள் இல்லை.

ஈரச் சாக்கு மணம் வந்தது. லொறியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

டப், டப்.

லொறியை எடுத்தான். வேறென்ன செய்வான்?

இன்னும் இரண்டு இடத்தில் அதே தட்டு. இரண்டு இடத்திலும் மனம் வேண்டாம் என்றது, கால் கேட்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தபோது கடகடப்பு அடங்கிவிட்டது. நிறைபாரம் ஏற்றிய லொறிபோல அமைதி. பெட்டிக்குள் எங்கோ ஒரு தேத்தண்ணிக் கேத்தல் மட்டும் உருண்டது. கண்ணாடியில் பார்த்தான். வெறும் பெட்டி.

அப்போதுதான் முடிவெடுத்தான். இனி நிற்பதில்லை. அதுவும் வீட்டடியில் நிற்கவே கூடாது. அங்கே மனைவி நிரோஜாவும் எட்டு மாதக் குழந்தையும். ஏறியதுகள் எதுவானாலும் அங்கே இறங்கக் கூடாது. விடியும்வரை ஓடிக்கொண்டே இருப்பது.

வீட்டுக்கு முன்னால் மதகு உடைந்திருந்தது. ஊர்ந்துதான் கடக்கவேண்டும். சத்தம் கேட்டு நிரோஜா குழந்தையோடு வீதியோரம் வந்து நின்றாள்.

"என்னப்பா, நிப்பாட்டாமல் போறியள்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தான்.

டப்.

கால் மிதித்துவிட்டது.

பாரம் தாங்கும் பின்வில்லுகள் முனகின. ஒவ்வொரு முனகலுக்கும் லொறி கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பியது... கடைசியில் வெறும் லொறியாக நின்றது.

"ஏன் தட்டினனீ?" கதவைத் திறந்துகொண்டு கேட்டான்.

"நான் எங்க தட்டினன்? பிள்ளையெல்லே எட்டித் தட்டினது," என்று சிரித்தாள் நிரோஜா.

சாருஜன் லொறியை விற்றுவிட்டான். பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது. இரவில் எழும்பி உட்கார்ந்து சுவரில் ஒரு தட்டுத் தட்டும். கட்டில் மெல்லத் தாழும்.

சாருஜன் விளக்கை அணைப்பதில்லை. பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். போ என்று இரண்டு தட்டு விழவேண்டும்...

இன்னும் விழவில்லை.