கல்லில் இல்லாத ஏழு எழுத்து

மேடையில் இருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, என் பேத்திக்கு வழிகாட்டிய பேராசிரியர் இளையபெருமாள் ஐயா அவர்களே, தா.பழூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் எங்கள் சனங்களே, அவளோடு படித்த பிள்ளைகளே, எல்லோருக்கும் கலியம்மாளின் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நானே எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

முனைவர் வினோதினி! அந்தப் பட்டத்தை விட்டு அவள் பேரை நான் சொன்னதே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட அப்படித்தான் சொல்வேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், அவள் கோபமே அறியாதவள் என்றீர்கள். அறியாதவளா? அவள் தாள்மேல் நான் காபி டம்ளரை வைத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை! பசி பார்க்காமல் உழைத்தாள் என்றீர்கள். மூன்று தோசைக்குக் குறைந்து அவள் எழுந்ததே இல்லை! என் பேத்தியைச் சாமியாக்காதீர்கள். செத்தவர்களைப் புனிதர் என்று சனங்கள் எப்போது கும்பிட ஆரம்பித்தார்கள் என்பதைத்தான் அவள் ஆறு வருடம் தேடினாள்.

துருக்கி நாட்டில் ஓர் உடைந்த கிரேக்கக் கல். ஆயிரத்து அறுநூறு வருடப் பழசு. "புனித" என்று இருக்கிறது. "எங்களைக் காப்பாற்று" என்று இருக்கிறது. நடுவில் பேர் இருக்க வேண்டிய இடம் மட்டும் சிதைந்துவிட்டது. கல்லில் இருப்பதைத் தாளில் கறுப்பில் எழுதிக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் இந்தப் பேராகத்தான் இருக்கும் என்று ஏழு எழுத்தைச் சிவப்புப் பென்சிலால் எழுதினாள்.

"அம்மாயி, கறுப்புல இருக்கறது கல்லு சொல்றது. செவப்புல இருக்கறது நான் சொல்றது. ரெண்டும் கலந்துடக் கூடாது."

"நீ சொன்னா சரியாத்தாண்டி இருக்கும்."

"இப்படித்தான் எல்லாரும் ஏமாறுறீங்க!" என்று சிரித்தாள்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும், அச்சுக்குப் போகவிருந்த தன் ஆராய்ச்சிப் புத்தகத்துக்காக அதையேதான் கேட்டாள். "புத்தகத்துல செவப்பு செவப்பாவே வரணும். நீ பாத்துக்க அம்மாயி." பார்த்துக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

இன்று காலை புத்தகம் வந்தது. ஏழு எழுத்தும் கறுப்பு! பின் அட்டையில், 'கல்லிலேயே புனிதர் பெயர்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி! இளையபெருமாள் ஐயாவிடம் ஓடினேன்.

"ரெண்டு கலர் போட்டா இன்னிக்குள்ள முடியாதுன்னு அச்சகத்துல சொல்லிட்டாங்கம்மா. இப்ப போயி இதைப் பேசுனா புள்ள பேருதான் கெடும்" என்றார்.

ஐயா, பேர் எப்போது கெடும்? நாளைக்கு ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, 'இங்கே பேரே இல்லையே, அந்தப் பெண் பொய் எழுதிவிட்டாளே' என்றால், பதில் சொல்ல அவள் வருவாளா? நீங்கள் சொல்வீர்களா?

மௌன அஞ்சலி முடிந்ததும் வெளியீடு என்றீர்கள். வெளியிடுங்கள். ஆனால் இப்படியே வேண்டாம். அந்தப் பெட்டிகளில் இருநூறு புத்தகம் இருக்கிறது. என் பையில் அவளுடைய சிவப்புப் பென்சில் இருக்கிறது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. அந்த ஏழு எழுத்தை மட்டும் எங்கே பார்த்தாலும் தெரியும். ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த ஏழுக்கும் அடியில் கோடு இழுத்து, அட்டை வரியை அடித்துவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுப்பேன். பொழுது சாய்ந்தாலும் சரி. அவளோடு படித்தவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் விட்ட வேலையை இங்கிருந்தே பிடித்துக்கொள்வோம்.

பேராசிரியர் ஐயா, அறுபத்து மூன்றாம் பக்கம். முதல் கோடு நீங்கள் போடுங்கள். பென்சில் இந்தாருங்கள்.