ரயிலில் சொல்லிப் பழகிய பெயர்

ஆம்பூரில் காட்பாடி வண்டி ஏறியவளின் கைகளில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை. வழியெல்லாம் "முனுசாமி, முனுசாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

எதிரில் இருந்தவள், "யாரும்மா அது?" என்றாள்.

"எங்கூட்டுக்காரரு. தென்னாப்பிரிக்காவுல நேட்டால்ல கீறாரு. நான் அங்க போவ பர்மிட்டு வேணும். போன வருசம் பர்மிட்டு குடுக்கற தொரை புருசன் பேரு கேட்டப்போ எனக்கு வாயே வரல. பேரு சொல்லாதவ எப்டி சம்சாரம்னு திருப்பி அனுப்ச்சிட்டாரு. இன்னிக்கு மறுபடி கூப்ட்டுக்கீறாரு."

"அய்யோ, பொண்டாட்டி தன் வாயால பேரு சொன்னா புருசனுக்கு ஆயுசு கம்மியாய்டுமே!"

"ஆவட்டும். தனியா நூறு வருசம் இருந்து இன்னா பண்ணப்போறாரு? கம்மியானது போவ, மிச்சத்துக்கு எங்கூட இருக்கட்டும்."

எதிரில் இருந்தவள் எழுந்தாள். இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் பத்தல. தொரைக்குக் கேக்கற மாரி சொல்லு."