நட்சத்திரக் கரையின் கடைசி ரீல்

ஒரு படம் கிளாசிக்கா இல்லையா என்பதை, அது வெளிவந்து முப்பது வருஷம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்பது என் கருத்து. எங்கள் மன்றத்தில் இதை யாரும் மறுத்ததில்லை. புதுப் படம் பார்த்த சூட்டோடு வந்து கிளாசிக் என்று குதிப்பவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசச் சொல்வேன்.

நீங்கள் இதைக் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அந்த பிலிம் டப்பாவின் போட்டோவை மேஜைமேல் வைத்துவிட்டு, "சொல்லுங்க சார்" என்றீர்கள், அவ்வளவுதான். ஆனால் நான் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். எதையும் நடுவிலிருந்து சொல்ல எனக்கு வராது.

தஞ்சாவூரில் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூடுவோம். ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பதினாலு பேர். அறிவியல் புனைவுப் படங்களில் எதெல்லாம் கிளாசிக் என்று ஒரு புத்தகம் போடுவதாகத் திட்டம். இருபது படங்கள், ஆளுக்கொரு கட்டுரை. செயலாளர் செம்மொழி, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் நான் பேசி முடித்த பிறகுதான் ஓட்டெடுப்பு நடக்கும்.

பட்டியலில் முதல் இடம் 'நட்சத்திரக் கரை'க்கு. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அறுபதுகளில் வந்த கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. பிரதி எங்குமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒன்பது வயதில் பூதலூர் டென்ட் கொட்டகையில் நான் பார்த்தேன். நடவு வயலில் ஒரு வெள்ளிக் கப்பல் இறங்கும். அதிலிருந்து வருகிறவன் நாற்றுக்கட்டு சுமக்கிற பெண் ஒருத்தியிடம் நம் பாஷையைக் கற்றுக்கொள்வான். கடைசிக் காட்சியில், கூட வா என்று கூப்பிடுவான். அவள் போக மாட்டாள். குனிந்து மிச்ச நாற்றை நட ஆரம்பிப்பாள். கப்பல் மேலே போகும்போது வயலிலுள்ள தண்ணீர் முழுக்க வெளிச்சமாகிவிடும். வசனமே கிடையாது. இந்தக் காட்சியை நாற்பது வருஷமாக எழுதியும் பேசியும் வருகிறேன். சென்னையிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் இதைக் கேட்பதற்காகவே என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சொல்லி முடித்ததும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பார்கள்.

மீரா உசேன் பாய் எங்கள் மன்றத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கூத்தாநல்லூர்க்காரர். எழுபத்தாறு வயது. இளமையில் மலேசியாவில், ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அங்கே பார்த்த ஒரு பழைய ஆங்கிலப் படத்தை அவர் பட்டியலுக்குக் கொண்டுவந்தார். கடலுக்கடியில் ஊர் கட்டி வாழ்கிறவர்களிடம் ஒரு குமாஸ்தா போய்ச் சேருகிற கதை. ஆசையாகத்தான் பேசினார். முடித்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"கடைசியில என்னாகுது பாய்?"

"கடைசியில அந்த குமாஸ்தா முழிச்சுக்குவாரு சார். எல்லாம் கனவு."

"அப்ப அது அறிவியல் புனைவே இல்லையே. போர்டு முழுக்கக் கணக்கு போட்டுட்டு, சும்மா போட்டேன்னு அழிச்சா அது கணக்காகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கனவு என்று முடிகிற எந்தப் படமும் பட்டியலில் வராது என்று விதி போட்டோம். ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு இரண்டு. அவரும் சிரித்தார். "விதின்னா விதிதான் சார்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். தோற்றவர் அப்படிச் சிரித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கே டைரியில் குறித்து வைத்தேன். நீங்கள் எடுத்துப்போன டைரியில் இருக்கும்.

எட்டு மாதம் கழித்து, இந்த ஜூனில், செம்மொழி எனக்குப் போன் செய்தாள். "சார், உட்கார்ந்துக்குங்க. நட்சத்திரக் கரை கிடைச்சிருச்சு." ஈப்போவில் பாயின் மச்சான் நடத்திய தியேட்டரை இடிக்கிறார்களாம். குடோனில் பதினாறு எம்.எம். பிரதி ஒன்று, நாலு டப்பா. பாய் அதைக் கப்பலில் வரவழைத்திருக்கிறார். சென்னையில் கொடுத்து டிஜிட்டல் ஆக்கி, புத்தக வெளியீட்டன்று திரையிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே குதூகலம்.

நல்லது என்றேன். போனை வைத்த பிறகு யோசித்தேன். என்னுடைய படம். அது கிடைத்த செய்தியை அவர் ஏன் முதலில் அவளிடம் சொன்னார்? அடுத்த கூட்டத்தில் இன்னொன்றும் கவனித்தேன். பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்பச் சாதாரணமாக, "படத்த முழுசாப் பாத்தப்ப உங்களுக்கு என்ன வயசுங்க சார்?" என்று கேட்டார். எத்தனையோ தடவை நான் சொல்லியிருக்கிறேன். தெரிந்ததை ஒருவர் திரும்பக் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும். அதிலும் 'முழுசா' என்ற வார்த்தை. நீங்கள் விசாரணை செய்கிறவர், உங்களுக்குப் புரியும்.

டப்பாக்களைத் தஞ்சாவூர் கொண்டுவந்து செம்மொழியிடம் சேர்க்க நானே கார் ஓட்டி வருகிறேன் என்று சொன்னேன். ஜூலை கடைசி ஞாயிறு. மதியச் சாப்பாடு கூத்தாநல்லூரில், பாய் வீட்டில். அவர் மகள் நஃபீசா நெய்ச்சோறு பரிமாறினாள். சாப்பிட்ட பின் பாய் டப்பாக்களை ஒரு ரெக்சின் பையில் அடுக்கினார். ஒவ்வொரு மூடியையும் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். மேலே மார்க்கரில் ஒன்று, இரண்டு என்று எண்.

மன்னார்குடி தாண்டுகிறவரை அவர் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தார். குறுவை நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. கையால சுத்துற வியூவர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நாலு ரீலையும் போட்டுப் பாத்துட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்ற அந்தக் கடைசி காட்சி அதுல இல்லீங்க. கப்பல் போகுறதே இல்ல. அந்தப் பொண்ணோட அப்பா கட்டில்லேருந்து எந்திரிப்பாரு. எல்லாம் அவரு கண்ட கனவு. பின்னாடி மாடு ஒண்ணு கத்துறதோட முடிஞ்சிரும்."

"வேற பிரதியா இருக்கும்," என்றேன்.

"இருக்கலாம் சார். ஆனா நானும் அந்தக் காலத்துல ஈப்போல பாத்த படம்தான். எனக்கும் இப்படித்தான் ஞாபகம்." பின்சீட்டில் இருந்த பையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் யார்கிட்டயும் சொல்லல. செம்மொழிக்குத் தெரியாது. நாலாவது ரீல் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம். அது எங்கிட்டயே இருக்கட்டும். மூணு ரீல போட்டுட்டு, கடைசி காட்சிய நீங்க மேடையில சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் நல்லா இருக்கு சார்."

இதைக் கேட்கிறவர்களுக்கு, பெரிய மனசு என்று தோன்றும். எனக்கும் ஒரு கணம் தோன்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் மேடம். நாலாவது ரீல் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் பேசும்போது அவர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுவார். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். என் விதியால் அவர் படத்தைத் தள்ளினேன். அதே விதியை அவர் என்மேல் போடாமல் கையில் வைத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய பழிவாங்கல் என்ன இருக்கிறது? அவர் சாந்தமாகப் பேசியதுதான் எனக்கு உறுதியாகக் காட்டிக்கொடுத்தது.

முந்தைய வாக்குமூலத்தில், சாயங்கால அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய வண்டியை வடவாற்றங்கரையில் நிறுத்தச் சொன்னது அவர் என்று கூறியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். வடுவூரில் பள்ளிவாசலுக்கே போகலாம் என்றுதான் அவர் சொன்னார். இங்கே மதகடியில் படித்துறை இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று சொன்னவன் நான்.

தொப்பியையும் போனையும் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். பை அவர் கையிலிருந்து ஆற்றில் விழுந்தது என்று சொன்னதும் சரியில்லை. அவர் படியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கியது நான். முதலில் நாலாவது டப்பாவைப் போட்டேன். அது உடனே முழுகவில்லை. அவர் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்து மதகின் பக்கமாகத் திரும்பியது.

"சார், சார், விழுந்துருச்சு" என்றார். என் கை தவறியதாக நினைத்துக்கொண்டார். பிடிக்க எட்டினார். பாசிப்படி, வழுக்கி ஆற்றில் விழுந்தார். மதகில் நாலு ஷட்டரும் திறந்திருந்தது, இழுவை அதிகம். ஆனாலும் படியோரத்தில் இருந்த இரும்பு வளையத்தை ஒரு கையால் பிடித்துவிட்டார்.

"கையக் குடுங்க சார்."

கத்தவில்லை. பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் மீதி மூன்று டப்பாக்களையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். அதற்குள் அவர் கை தானாக விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. வியாபாரம் செய்தவர்கள் கையில் பலம் இருக்கும்போல. மூன்றாவதைப் போட்ட பிறகு அவர் கூப்பிடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்துவிட்ட ஒருவரைக் கரையேற்றி ஊருக்குக் கூட்டிப்போக முடியாது, இல்லையா? அவர் விரல்களின்மேல் செருப்புக்காலை வைத்து மிதித்தேன். இரண்டு தடவை. முதல் தடவை போதவில்லை. விரல்களைப் பற்றி டாக்டர் எழுதியிருப்பார்.

பத்து நிமிஷம் அங்கே நின்றேன். பிறகு ரோட்டுக்கு ஓடி ஆள் கூப்பிட்டேன். அப்போது நான் அழுததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். படம் போய்விட்டதே என்று அழுகை வந்தது.

மறுநாள் துக்கத்துக்குப் போனேன். நஃபீசா என்னைப் பார்த்ததும், "வாப்பா உங்களப் பத்தியேதான் பேசுவாங்க சார்" என்று உடைந்துவிட்டாள். என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "ரீலப் பத்தி எதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உங்களிடம் வந்தது அவளாகத்தான் இருக்கும்.

போட்டோவில் இருப்பது, ஆற்றில் கீழ்ப்பக்கம் அடுத்த ஷட்டரில், மதகு பார்க்கிற லஸ்கர் எடுத்துக்கொடுத்த டப்பா. மூடியில் 4 என்று தெரிகிறது. டேப் பிரியாததால் உள்ளே பாதி ரீல் நனையவில்லை என்கிறீர்கள். போட்டுப் பார்க்கலாம் என்கிறீர்கள். பாருங்கள். ஒரு கிழவர் கட்டிலிலிருந்து எழுந்திருப்பார், ஒரு மாடு கத்தும். யாரோ காசில்லாமல் அவசரத்தில் ஒட்டிய முடிவு அது. நட்சத்திரக் கரை என்பது அது இல்லை.

பூதலூரில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டீர்கள். கேட்டதற்காக ஒளிக்காமல் சொல்கிறேன். டென்ட் கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடுவார்கள்; மூன்றாவது இடைவேளை முடிந்து படம் ஆரம்பித்ததும் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. கொட்டகையின் கீற்று பறந்தது. திரை கிழிந்தது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். நனைந்ததில் எனக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் தூக்கத்தில்தான் மீதியைப் பார்த்தேன். அவள் குனிந்து நட்டதை, கப்பல் போனதை, வயல் முழுக்க வெளிச்சமானதை. ஒரு காட்சி விடாமல்.

மீரா உசேன் பாய் ஈப்போவில் பார்த்திருக்கலாம், வியூவரில் சுற்றிச் சுற்றியும் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான், மேடம். இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.