கமலா ஊட்டு மாடு

அந்த மாடு எம்மாடு கண்ணு. அதோ, கமலா ஊட்டு முன்னால நின்னு பலாத்தோலு திங்குதே, அதேதான். பாலு கறக்கறது அவ, அதுக்கு அழுதது நானு.

உக்காருங்க. திவ்யான்னுதான சொன்னீங்க? உங்களாட்டமே சௌமியான்னு ஒரு புள்ள, ஆராய்ச்சின்னு வந்துச்சு. ரெண்டு மாசம் எங்கூட்லயே தங்கி, எங்கூடவே காப்பிப்பழம் பறிச்சு, அக்கா அக்கான்னு... மனசு எளகிப்போச்சுங்க. எங்கூட்டுக்காரரு மொளகு பறிக்கறப்ப மரத்துலருந்து உழுந்து இடுப்பு போனது, ஒரு வருசம் வெறும் கேப்பக்களியத் தின்னு கெடந்தது... யாருக்குஞ் சொல்லாதத அதுகிட்டச் சொல்லி அழுதேன். அதும் அழுதுச்சு. அப்பறம் கண்ணத் தொடச்சுப்போட்டு எழுதிக்கிச்சு.

புஸ்தகம் வந்துச்சு. அதப் படிச்ச யாரோ புண்ணியவானுங்க வேன்ல மாட்ட ஏத்தியாந்து, "கமலா ஊடு எது"ன்னு என்னையவே கேக்கறாங்க! அத்தாயிங்கற என்ற பேரு புஸ்தகத்துல கமலாவாம். இந்த மஞ்சக்குட்டை ஊர்ல எனக்குத் தெரிஞ்சு ஒரே கமலாதான், எங்க வேலிக்கு அந்தப் பக்கம். அவளும் வெக்கமில்லாம கயித்தக் கையில வாங்கிக்கிட்டா.

மாடு குடுத்தவங்க மாசாமாசம் பாக்க வர்றாங்க. வந்தா புஸ்தகத்துல இருக்கறாப்பல அவ புருசன் பெரியண்ணன் நொண்டோணும். மொத மாசம் எடது காலு, அடுத்த மாசம் வலது. எங்கூட்டுக்காரரு கோலூணிப் போயி, எந்தக் காலுன்னு நொண்டிக் காட்டிட்டு வந்தாரு. பாவமா இருந்துச்சாம்.

தெனம் ஒரு டம்ளர் பாலு அனுப்பறா, "அத்தாயிக்கும் கஷ்டம்தானே"ன்னு. குடிச்சா வவுறு எரியுது. குடிக்காமயும் இருக்க முடியல, நல்ல பாலுங்க.

சௌமியாவுக்குப் போன் போட்டேன். "உண்மையச் சொன்னா அவங்க மாட்டப் புடுங்கிருவாங்க, சொல்லாட்டி உங்களுக்குத் துரோகம், நான் என்னக்கா பண்றது"ன்னு அழுவுது. நாந்தான் சமாதானம் பண்ணி வெச்சேன்.

அந்தப் பேர யாரு வெச்சதுங்கறீங்களா?

அது வந்துங்க... "உங்க பேர மறைக்கோணும், என்ன பேரு போடட்டும்"னு எங்கிட்டத்தான் கேட்டுச்சு. அன்னைக்குக் காலையிலதான் கமலாகூட வேலிச் சண்டை. கஞ்சிக்கில்லாத மானக்கேடு அவ தலையில உழுவட்டும்னு...

சரி உடுங்க, உங்க சம்மதக் காயிதத்துல கையெழுத்து எங்க போடோணும்? இந்தத் தடவ எம்பேரே இருக்கட்டும். கூடாதுங்களா? அப்பக் கமலான்னே போட்டு, மாடு வேண்டாம்னாள்னு எழுதிக்கோங்க. ஏங்கண்ணு எந்திரிச்சுட்டீங்க? கமலா ஊட்டுக்கா போறீங்க?

போங்க, போங்க. கதையில களி தின்ன எடம் வந்தா அவளுக்கு அழுவ வராது. அப்ப ஒரு சத்தங் குடுங்க, நான் வர்றேன்.